காவலின் கடன்

கணைக்கால் இரும்பொறையின் கதையைப் பள்ளியில் மானத்தின் கதையாகத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சோழன் செங்கணானிடம் போரில் தோற்ற சேர அரசன் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடக்கிறான். தாகம் எடுக்கிறது, தண்ணீர் கேட்கிறான். கேட்டவுடன் வரவில்லை. பிறகு ஒருவழியாக வருகிறது. கையில் வாங்கியவன் அதைக் குடிக்காமல், ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். புறநானூற்றின் 74ஆம் பாட்டு அது. இந்தச் செய்தி பாட்டுக்குக் கீழே உள்ள பழைய குறிப்பில் இருக்கிறது. தேர்வில் கேள்வி வந்தால் 'மானம்' என்று ஒரு சொல் எழுதினால் போதும், மதிப்பெண் கிடைத்துவிடும்.

இப்போது அந்தக் கதையைப் படிக்கும்போது என் கண் அரசன்மேல் நிற்பதில்லை. தண்ணீரைத் தாமதமாகக் கொண்டுவந்த காவலன்மேல் போய் நிற்கிறது. அவன் வேண்டுமென்றே தாமதித்தானா? மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தானா? சும்மா அலட்சியமா? தெரியாது. நாம் கேட்டுப் பழகவும் இல்லை. கைதி எவ்வளவு பெருமையோடு செத்தான் என்று வியந்து முடித்துவிட்டால், அவன் ஏன் சாகவேண்டி வந்தது என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

அரசனாக இருந்தவன் ஆற்றங்கரையில் தாகமெடுத்திருந்தால் குனிந்து அள்ளிக் குடித்திருப்பான். யாரிடமும் கேட்டிருக்கமாட்டான். சிறை அவனிடமிருந்து எடுத்தது நாட்டை மட்டுமல்ல, குனிந்து அள்ளும் வசதியையும்தான். அதனால்தான் அவன் கேட்கவேண்டியிருந்தது. என் கேள்வி இங்கிருந்து தொடங்குகிறது. பூட்டி வைத்தவன், பூட்டப்பட்டவனின் உடம்புக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? அந்தக் கடன் எந்த நாளில் தீர்கிறது?

*

தமிழில் 'காவல்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நிற்கும் முனீஸ்வரர் காவல் தெய்வம். பயிருக்குக் காவல், ஊருக்குக் காவல் என்றால் பாதுகாப்பு. அதே சொல்தான் ஒருவனைப் பிடித்து அடைத்து வைப்பதற்கும். நம் நாளிதழ்களில் அடிக்கடி வரும் 'தடுப்புக்காவல் மரணம்' என்ற தொடரை ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். காவலில் இருக்கும்போது மரணம். காவல் காக்கவில்லை என்ற செய்தி அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. பழகிப்போனதால் நமக்கு உறைப்பதில்லை.

நமக்கு உடம்பு சரியில்லை என்றால் என்னென்ன செய்கிறோம்? முதலில் வேலைக்குப் போகாமல் படுக்கிறோம். அம்மாவிடம் ரசம் கேட்கிறோம். மருந்துக்கடைக்குப் போய் பெனடோல் வாங்குகிறோம். இரண்டு நாளில் சரியாகவில்லை என்றால் கிளினிக். அங்கே சொன்னது பிடிக்கவில்லை என்றால் இன்னொரு கிளினிக். அறையில் யாராவது விடாமல் இருமினால் எழுந்து வேறு அறைக்குப் போகிறோம். இவை எதையும் நாம் மருத்துவம் என்று நினைப்பதுகூட இல்லை. ஆனால் நம் ஆரோக்கியத்தின் பெரும்பகுதி இந்தச் சின்னச் சின்ன சுதந்திரங்களால்தான் நிற்கிறது.

கைதிக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது, பக்கத்தில் யார் படுப்பது, எல்லாம் வேறொருவர் முடிவு. நெஞ்சு வலித்தால் கம்பியைத் தட்டி, வருகிறவரிடம் சொல்லி, அவர் நம்பி, மேலே சொல்லி, கதவு திறக்கவேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் ஒரு வழக்கில் இதைத்தான் சொன்னது. டெக்சஸ் சிறையில் பருத்திப் பொதி விழுந்து முதுகில் அடிபட்ட கைதி ஒருவர் தொடுத்த வழக்கு அது. அவர் தனிப்பட்ட முறையில் அந்த வழக்கில் வெல்லவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு விதி பிறந்தது: கைதி தன் வைத்தியத்துக்குச் சிறை அதிகாரிகளையே நம்பியிருக்கவேண்டியவன், அவனுடைய கடுமையான நோயைத் தெரிந்தே புறக்கணிப்பது அரசியல் சட்டம் தடை செய்த கொடூரமான தண்டனை.

இந்த இடத்தில் கருணை என்ற சொல்லை நான் தவிர்க்க விரும்புகிறேன். கருணை இருந்தால் காட்டலாம், இல்லாவிட்டால் விடலாம். இது கணக்கு. ஒருவன் தன்னைப் பார்த்துக்கொள்ளும் வழிகளை எல்லாம் எடுத்துக்கொண்டவர், அந்த வேலையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். சாவியைக் கையில் வாங்கியபோதே கடனும் கைமாறிவிட்டது.

*

இதை ஒரு நண்பனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கம்மா காலையில ஆறு மணிக்குப் போயி நம்பர் எடுத்து, மத்தியானம் ஒரு மணிக்குத்தான் டாக்டரப் பாத்தாங்க. அவங்க யாரு குடியக் கெடுத்தாங்க? அடிதடி செஞ்சவனுக்கும் போதப்பொருள் வித்தவனுக்கும் மட்டும் உக்காந்த எடத்துல டாக்டரா? நல்லா இருக்கு உன் நியாயம்!"

இந்தக் கோபத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அதற்கு நீண்ட வரலாறும் இருக்கிறது. 1834இல் இங்கிலாந்து கொண்டுவந்த ஏழையர் சட்டத்தின் அடியில் இருந்தது இதே நினைப்புதான்: அரசின் உதவியில் வாழ்பவனின் நிலை, வெளியே உழைத்துப் பிழைக்கும் மிக ஏழையான கூலியாளின் நிலையைவிட ஒரு படி கீழேதான் இருக்கவேண்டும். ஏழை விடுதிகளுக்காகப் பேசப்பட்ட இந்த விதி சிறைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இன்றும் நாடாளுமன்றத்தில் பேசுகிறவர் முதல் தேநீர்க் கடையில் பேசுகிறவர் வரை சிறையைப் பற்றி வாய் திறந்தால் இந்த விதிதான் முதலில் வருகிறது.

நண்பனின் அம்மாவின் ஏழு மணி நேரம் உண்மையான அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைக் கைதி செய்யவில்லை. சிறையில் இருக்கும் மருத்துவரை நாளைக்கே எடுத்துவிட்டாலும் அம்மாவின் வரிசை குறையப்போவதில்லை. இருவருக்கும் கடன்பட்டிருப்பது ஒரே அரசு. கடன்காரர் ஒருவருக்குக் கொடுக்காததைக் காட்டி இன்னொருவருக்கும் கொடுக்காதே என்று நாம் சொன்னால், லாபம் யாருக்கு?

இன்னொன்றும் உண்டு. ஒரே குற்றத்துக்காக இரண்டு பேருக்கு ஆளுக்கு 18 மாதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் இருபத்தைந்து வயதுக்காரன், திடமான உடம்பு. இன்னொருவனுக்கு ஐம்பது வயது, இனிப்புநீர் வியாதி. உள்ளே வைத்தியம் சரியில்லை என்றால், முதலாமவன் 18 மாதத்தை இழந்து வெளியே வருவான். இரண்டாமவன் 18 மாதத்தோடு ஒரு காலையும் இழந்து வரக்கூடும். அந்தக் காலை எடுக்கச் சொன்ன நீதிபதி யார்? எந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது? நோயையும் தண்டனையின் ஒரு பகுதியாக விட்டுவிட்டால், தண்டனையின் அளவைக் குற்றம் தீர்மானிக்காது. அவனவன் உடம்பு தீர்மானிக்கும். குற்றவாளிக்குத் தக்க தண்டனை வேண்டும் என்று கேட்பவர்தான் இதை முதலில் எதிர்க்கவேண்டும்.

மேலும், சிறையில் இருப்பவர்கள் எல்லாரும் தண்டனை பெற்றவர்கள் அல்லர். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் வழக்கு முடியும்வரை உள்ளே இருப்பவர்கள் உண்டு. சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் குற்றவாளிகள் இல்லை. காசநோய்க் கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

*

சரி, கடன், நியாயம் என்று பேசினால் யாருக்கும் ஏறாது, பயத்தைப் பேசு என்பார்கள் சிலர். சிறையில் நோய் பரவினால் நமக்கும் வரும், ஆகவே சிறையைக் கவனிப்போம் என்று. இதற்கும் ஆதாரம் நிறைய இருக்கிறது. 1577இல் ஆக்ஸ்ஃபோர்டில் விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளிடமிருந்து பரவியதாகச் சொல்லப்படும் சிறைக் காய்ச்சலில், நீதிபதியும் ஷெரீப்பும் ஜூரிகளும் உட்பட சுமார் 300 பேர் இறந்தார்கள். அது இன்று நாம் டைஃபஸ் என்று சொல்லும் நோயாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1777இல் வெளிவந்த தன் நூலில் ஜான் ஹோவர்ட், இங்கிலாந்தில் தூக்கில் தொங்கியவர்களைவிடச் சிறைக் காய்ச்சலில் செத்தவர்கள் அதிகம் என்று பதிவு செய்தார்.

அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் சபாவின் லஹாட் டத்து போலீஸ் தடுப்பறையிலும் தாவாவ் சிறையிலும் பரவிய கோவிட் தொற்றுத் திரளுக்குச் சுகாதார அமைச்சு வைத்த பெயர் 'பெந்தேங்'. அடுத்த மாதம் அலோர் ஸ்டார் சிறையில் பரவியதற்கு 'தெம்போக்' என்று பெயர். பெந்தேங் என்றால் அரண், தெம்போக் என்றால் சுவர். பெயர் வைத்தவர்கள் கிண்டலுக்காக வைத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு நாளும் தொலைக்காட்சியில் அந்தப் பெயர்களைக் கேட்டபோது, சுவர் எதையும் தடுக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. காவலர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள். கைதிகள் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். விடுதலையானவர்கள் பஸ் ஏறுகிறார்கள்.

காஜாங் சிறையில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட கைதிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் காசநோய்க் கிருமி உடம்பில் உறங்கிக்கொண்டிருந்தது. உறங்கும் கிருமி நோய் அல்ல. அது மற்றவருக்குப் பரவாது. ஆனால் சத்துக் குறைந்து, எதிர்ப்பு சக்தி குறைந்து, நெருக்கமான அறையில் காற்றில்லாமல் கிடக்கும்போது அது எழுந்துகொள்ள வாய்ப்பு அதிகம். எச்ஐவி உள்ளவருக்கு இன்னும் அதிகம்.

ஆக, பயத்தின் வாதம் பொய்யல்ல. ஆனால் எனக்கு அதன்மேல் முழு நம்பிக்கை கிடையாது. அந்த வாதத்தில் கைதி ஒரு மனிதன் அல்ல, கிருமியைச் சுமக்கும் பாத்திரம். நமக்குத் தொற்றாத நோய் அவனுக்கு வந்தால் என்ன செய்வது? இனிப்புநீர் தொற்றாது. புற்றுநோய் தொற்றாது. இரவெல்லாம் சுவரோடு பேசிக்கொண்டிருக்கும் மனநோயும் தொற்றாது. பயத்தை மட்டும் நம்பினால், இந்த நோய்க்காரர்களை எல்லாம் விட்டுவிடலாம் என்றுதான் முடியும். காவலின் கடன் அப்படிப் பார்த்துப் பார்த்துத் தீர்வதில்லை.

நெல்சன் மண்டேலாவுக்கு 1988இல் போல்ஸ்மூர் சிறையில் காசநோய் கண்டது. மருத்துவமனையில் சேர்த்தார்கள், குணமானார். அவர் சிறையில் செத்தால் என்னாகும் என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. யாரும் பார்க்காத கைதிக்கும் அதே வைத்தியம் வேண்டும் என்பதற்கு விதி தேவைப்பட்டது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை திருத்தி ஏற்ற சிறை விதிகளுக்கு மண்டேலாவின் பெயரையே வைத்தார்கள். அதன் 24ஆம் விதி, கைதிகளின் வைத்தியம் அரசின் பொறுப்பு என்கிறது. வெளியே சமூகத்துக்குக் கிடைக்கும் அதே தரம் வேண்டும் என்கிறது. வெளியே உள்ள பொதுச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து, வைத்தியம் இடையில் அறுந்துபோகாதபடி நடத்தவேண்டும் என்றும் சொல்கிறது.

அந்தக் கடைசிப் பகுதியில்தான் உலகம் முழுக்கத் தவறுகிறது என்று நினைக்கிறேன்.

*

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1999 ஜூலை முதல் 2003 டிசம்பர் வரை சிறையிலிருந்து விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பிறகு வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம், அதே மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு அதிகம். போதைப்பொருள் அளவு மிஞ்சி இறக்கும் அபாயம் மட்டும் 129 மடங்கு.

இந்த எண்களுக்குப் பின்னால் மர்மம் எதுவுமில்லை. உள்ளே இருக்கும் காலத்தில் உடம்பு ஹெராயினின் பழக்கத்தை மறந்துவிடுகிறது. மனம் மறப்பதில்லை. வெளியே வந்து, வேலை இல்லாமல், வீட்டில் முகம் கொடுக்காமல், பழைய நண்பர்கள் மட்டும் மிஞ்சும்போது, கை பழைய அளவையே எடுக்கிறது. அந்த அளவை உடம்பு இப்போது தாங்காது. மூச்சு நின்றுவிடுகிறது. சிறைக்குள் போனபோது தாங்கிய உடம்பு, சிறையிலிருந்து வந்ததால் தாங்கவில்லை.

நம் நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மலேசியச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் தொடர்பான வழக்குகளில் வந்தவர்கள். 2008இல் கிளந்தானின் பெங்காலான் செப்பா சிறையில் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது முக்கியமான அடி. ஹெராயினுக்கான ஏக்கத்தை அடக்கி, உடம்பை நிதானத்தில் வைத்திருக்கும் மருந்து அது. எச்ஐவி உள்ள கைதிகளிடையே இங்கு நடந்த ஆய்வில் ஒரு விஷயம் தெரியவந்தது. விடுதலையாகும் நேரத்தில் போதிய அளவு மெத்தடோன் பெற்றுக்கொண்டிருந்தவர்கள், வெளியே வந்தபின் சிகிச்சையைத் தொடர்வதும் அதிகமாக இருந்தது. உள்ளே சரியாகச் செய்தது வெளியே கைகொடுக்கிறது. வாசலில் அறுத்துவிட்டால் உள்ளே செய்ததும் வீண்.

எங்கள் தாமானில் ஓர் அண்ணன் இருந்தார். ஈராண்டு உள்ளே இருந்துவிட்டு வந்தார். இனிப்புநீர்க்காரர். வரும்போது ஒரு பிளாஸ்டிக் பையில் சில நாட்களுக்கான மாத்திரை இருந்தது. எந்த நோய்க்கு எந்த மாத்திரை, அடுத்து எங்கே போகவேண்டும் என்று ஒரு தாளும் இல்லை. அடையாள அட்டை எப்போதோ தொலைந்துபோயிருந்தது. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம், உலகத்தில் பல நாடுகள் பொறாமைப்படும் ஏற்பாடு. ஆனால் குடிமகன் என்று காட்ட அட்டை வேண்டும். அட்டைக்கு விலாசம் வேண்டும். விலாசத்துக்கு வீட்டில் சேர்க்கவேண்டும். அண்ணியின் வீட்டில் சேர்க்கவில்லை.

ஒருமுறை கோயில் வாசலில் பார்த்தபோது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். சிரித்தார். "உள்ள மணி அடிப்பாங்க தம்பி, வரிசையில நிப்போம், மாத்திரைய வாயில போட்டு நாக்க நீட்டிக் காட்டணும். வெளிய யாரு மணி அடிக்கிறா?" என்றார். அடுத்த ஆண்டு அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

'வெளியே வந்துவிட்டான், சாவியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் அவன் பாடு' என்று சொல்லலாமா? அடகுக் கடையை நினைத்துக்கொள்கிறேன். வட்டி கட்டி மீட்கும் நாளில் சங்கிலி அறுந்து வந்தால், 'பத்திரம் முடிஞ்சிருச்சு, இனி எனக்குச் சம்பந்தம் இல்ல' என்று கடைக்காரர் சொல்ல முடியுமா? சங்கிலி அறுந்தது அவர் கையில் இருந்தபோது. மனிதன் சங்கிலியைவிடச் சிக்கலானவன். அவனிடம் அறுபடுவது உடனே கண்ணுக்குத் தெரியாது. ஈராண்டு மணியடித்து மாத்திரை கொடுத்தபோது, தானாக மருந்தை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அறுந்தது. ஹெராயினைத் தாங்கும் திறன் மறைந்தது. வீடு, வேலை, அட்டை, கிளினிக்கில் தெரிந்த முகம் எல்லாம் போயின. இவை காவலின் விளைவுகள். விளைவு இருக்கும்வரை கடனும் இருக்கிறது.

காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை நடத்தவேண்டும் என்கிறது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவு. நல்ல பிரிவு. ஆனால் அது சிறை வாசலோடு நின்றுவிடுகிறது. வெளியே வந்த பத்தாம் நாள் பஸ் நிலையக் கழிப்பறையில் ஒருவன் இறந்தால், அந்தப் பிரிவின் கணக்கில் அவன் காவலில் இறந்தவன் இல்லை. அந்தச் சாவுக்குக் காவலோடு தொடர்பு உண்டா என்று கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

*

கடன் வாசலுக்கு வெளியேயும் தொடர்கிறது என்று சொல்லும்போது எனக்கே ஒரு தயக்கம் வருகிறது. வெளியே வந்தவன் சுதந்திரமானவன். மருந்து வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு. 'உன் நன்மைக்காக' என்று அரசு அவன் பின்னாலேயே வந்தால், அது சிறையை நீட்டிப்பதாகிவிடாதா? போதைப் பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்கள் பலர் கிளினிக் பக்கம் போகவே பயப்படுவது இதனால்தான். சிறுநீர்ப் பரிசோதனை, பதிவேடு, போலீஸ் எல்லாம் ஒரே கதவுக்குப் பின்னால் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுகிறது.

ஆகவே கடன் என்றால் கதவைத் திறந்து வைக்கும் கடன். இழுத்துப் போகும் அதிகாரம் அல்ல. இதற்கு வைத்தியம் செய்பவரின் கை, காவல் காப்பவரின் கையிலிருந்து வேறாக இருக்கவேண்டும். சிறை மருத்துவரின் நிலை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்கவேண்டும். பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் சொல்லவும் வேண்டும். அவர் பயமும் பொய்யல்ல. 1986 அக்டோபரில் புடு சிறையில் ஒரு மருத்துவரையும் ஆய்வுக்கூடப் பணியாளரையும் கைதிகள் ஆறு நாள் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். இந்த முரண்பாட்டை முழுமையாகத் தீர்க்க முடியாது, குறைக்கலாம். நார்வேயில் 1980களின் இறுதியிலிருந்து, வெளியே ஊர்மக்களுக்கு வைத்தியம் செய்யும் உள்ளூராட்சியே சிறைக்குள்ளும் செய்கிறது. பிரான்சில் 1994இல் இந்தப் பொறுப்பு சுகாதாரத் துறைக்குப் போனது. இங்கிலாந்தில் 2006க்குள் தேசிய சுகாதாரச் சேவையின் கைக்கு வந்துவிட்டது. உள்ளே பார்த்த மருத்துவமும் வெளியே பார்க்கும் மருத்துவமும் ஒரே அமைப்பின் கீழ் இருந்தால், கோப்பு கைமாற வாசல் தடையாக இருக்கவேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் அசைவு இருக்கிறது. 1965இல் ஏழைகளுக்கான மெடிக்கேய்ட் காப்பீடு வந்தபோதே, சிறையில் இருப்பவரின் வைத்தியத்துக்கு அதிலிருந்து மத்திய அரசின் பணம் போகக்கூடாது என்று விதித்திருந்தார்கள். வெளியே வந்தவன் அந்தக் காப்பீட்டை மறுபடி பிடிப்பதற்குள் நாள் ஓடிவிடும். 2023 ஜனவரியில் கலிபோர்னியாவுக்கு முதன்முதலாக விலக்கு கிடைத்தது. விடுதலைக்கு முந்தைய 90 நாட்களிலேயே சில சேவைகளைத் தொடங்கலாம். அதே மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோவில் 2006இல் தொடங்கிய ஒரு கிளினிக் முறை இன்னும் எளிமையானது. சிறைக்குப் போய்வந்தவர்களையே பயிற்சி கொடுத்து ஊழியராக வைத்தார்கள். புதிதாக வெளியே வருகிறவரைக் கூட்டிக்கொண்டு போக, படிவம் நிரப்ப, மருந்துக்கடையில் கூட நிற்க. மணி அடிக்க ஆள் இல்லை என்றாரே அண்ணன், அதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த பதில் இது. மணி அல்ல, கூட நடக்க ஓர் ஆள்.

இங்கே என்ன வேண்டும் என்று கேட்டால் என் பட்டியல் சின்னது. விடுதலையாகும் நாளில் நோய், மருந்து, அளவு எழுதிய ஒரு தாள். ஒரு மாத மருந்து. வீட்டுக்கு அருகில் உள்ள அரசாங்கக் கிளினிக்கில் முன்கூட்டியே எடுத்த தேதி. தொலைந்த அடையாள அட்டைக்கு உள்ளே இருக்கும்போதே விண்ணப்பம். வழக்கிலிருந்து நீதிமன்றத்திலேயே விடுவிக்கப்பட்டு நேராக வீட்டுக்குப் போகிறவருக்கும் இதே ஏற்பாடு, ஏனென்றால் அவர் மாத்திரைகள் சிறையிலேயே கிடந்துவிடும். இதில் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

*

சிறையைப் பற்றித் தமிழுக்கு இரும்பொறையின் கதை மட்டும் இல்லை. மணிமேகலையில் ஒரு காதைக்குப் பெயரே சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை. மணிமேகலை அமுதசுரபியோடு சிறைக்குள் போகிறாள். பசித்துக் கிடப்பவர்களுக்குச் சோறு போடுகிறாள். பிறகு அரசனிடம் அந்த இடத்தையே அறக்கோட்டமாக்கும்படி கேட்கிறாள். 'நீ என்ன குற்றம் செய்தாய்?' என்று கேட்டுவிட்டு அவள் சோறு போடவில்லை. பசியைப் பார்த்தாள், அதுதான் அவளுக்குத் தேவையான தகவல். இரும்பொறையின் கதையில் நாம் கைதியின் மானத்தைப் பார்த்தோம். மணிமேகலையில் சாத்தனார் சிறை வைத்தவனின் கடமையைப் பார்க்கிறார். நாம் முதல் கதையைப் பாடமாக வைத்தோம். இரண்டாவதைப் பெருமைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

இந்நாட்டின் மக்கள்தொகையில் சுமார் ஏழு விழுக்காடு நாம். சிறைகளில் நம் பங்கு அதைவிட அதிகம். 2009இல் குகன் இறந்தபோதும், 2021இல் கணபதி இறந்தபோதும் நம் சமூகம் கொதித்தது. கொதிக்கவேண்டியதுதான். ஆனால் அடிபட்டுச் செத்தவனுக்காகத் திரளும் நாம், மருந்து கிடைக்காமல் மெல்லச் செத்தவனுக்காக வாய் திறப்பதில்லை. அவன் விஷயத்தில் காட்ட ஒரு காயம்கூட இல்லை. காயம் இல்லாத இடத்தில் நமக்கு அவன் குற்றம்தான் ஞாபகம் வருகிறது. 'அவன் அப்படித்தான், போதக் கேசு' என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

அரசின் கடனை அரசு தீர்க்கவேண்டும். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் வெளியே வருகிறவன் முதலில் வந்து நிற்பது அமைச்சின் வாசலில் அல்ல, ஏதோ ஒரு வீட்டு வாசலில். அந்த வாசலில் நாம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இனிமேலாவது ஒழுங்கா இருப்பியா?" என்பதுதான். அதற்கு அவன் என்ன பதில் சொன்னாலும் அன்றைக்கு அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. முதல் இரண்டு வாரத்துக்கு அந்தக் கேள்வியைத் தள்ளி வைக்கலாம். அதற்குப் பதிலாக, "மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு? நாளைக்குக் கிளினிக்குக்குப் போவோமா?" என்று கேட்கலாம்.